நர்சிங், மிட்வைஃபரி பட்டப்படிப்பு: சேருவதற்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

சேர்க்கை முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் எனக்கு அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். தெரிந்தவர் மகள், தோழியின் தம்பி, வார்டில் உதவியாளராக இருந்து இப்போது படிக்கப் போகிறவர் என்று யாராவது ஒருவர். இடம் கிடைத்த சந்தோஷத்தை இரண்டு நிமிடம் பேசுவார்கள், அப்புறம் சந்தேகங்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில் இருப்பதைத்தான் முதலில் பின்பற்ற வேண்டும்.

நர்சிங்கும் மிட்வைஃபரியும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? எதை எடுக்கிறதுன்னு தெரியலை.

ஒன்றில்லை. நர்ஸ் எல்லா வயதிலும் எல்லா நோயோடும் வருகிறவர்களைப் பார்ப்பவர். மிட்வைஃப் பார்ப்பது பெரும்பாலும் நோயே இல்லாத ஒரு பெண்ணை: கர்ப்ப காலம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள், கூடவே பிறந்த குழந்தை. சிக்கலில்லாத பிரசவத்தை மிட்வைஃப் தன் பொறுப்பிலேயே நடத்துவார். இயல்பாகப் போய்க்கொண்டிருப்பது எந்தக் கட்டத்தில் மாறுகிறது என்று பிடித்து, உடனே மருத்துவரைக் கூப்பிடுவதும் அவர் வேலைதான். சில நாடுகளில் நேரடியாக மிட்வைஃபரி பட்டம் படிக்கலாம், சில இடங்களில் நர்சிங் முடித்த பிறகுதான் முடியும். இதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

"எனக்குக் குழந்தைகள்னா உயிர், அதனால மிட்வைஃபரி" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அந்த வேலையில் குழந்தையோடு இருக்கும் நேரம் கொஞ்சம்தான், பெரும்பங்கு அம்மாவோடு. வலியில் கத்துகிற, பயப்படுகிற, சில சமயம் உங்களைத் திட்டுகிற ஒரு பெண்ணோடு மணிக்கணக்கில் பொறுமையாக இருக்க உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். குழந்தைகள்தான் வேண்டும் என்றால் குழந்தைகள் வார்டு நர்சிங்கில் இருக்கிறது.

காலேஜ் தொடங்க மூணு மாசம் இருக்கு. இப்பவே புத்தகம் வாங்கிப் படிச்சிடலாமா?

வாங்க வேண்டாம். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று சேர்ந்த பிறகு சொல்வார்கள், நூலகத்திலும் இருக்கும். முதல் மாதத்திலேயே கனமான உடற்கூறியல் புத்தகத்தை வாங்கி அட்டை கசங்காமல் வைத்திருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிலாக மருத்துவச் சொற்களின் துண்டுகளைப் பழகுங்கள், இதற்குச் செலவே இல்லை. சொல் 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'நெஃப்ரோ' என்று தொடங்கினால் சிறுநீரகம், 'ஹெப்பட்டோ' என்றால் கல்லீரல். 'டேக்கி' வேகம், 'பிராடி' மெதுவு. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு, இந்த இரண்டையும் மட்டும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளக் கூடாது, காதில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும், அர்த்தமோ நேர் எதிர். இப்படி ஐம்பது துண்டு தெரிந்தால் முதல் பருவத்துப் பாடம் பாதி புரிந்துவிடும்.

பயாலஜியில நான் சுமார்தான். தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் எப்படி வேலை செய்கின்றன, ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டுக்கும் என்ன ஆகிறது என்பதை மட்டும் பள்ளிப் புத்தகத்திலிருந்தே திரும்பப் படித்துவிட்டு வாருங்கள். மிட்வைஃபரி என்றால் இடுப்பெலும்பின் அமைப்பும் நஞ்சுக்கொடி செய்யும் வேலையும் சேர்த்து. மற்றதை அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்குத்தானே போகிறீர்கள்.

கணக்குன்னாலே எனக்குக் கை நடுங்கும். நிறைய கணக்கு வருமா?

கடினமான கணக்கு வராது. ஆனால் வருகிற எளிய கணக்கில் தப்பே வரக் கூடாது. பல பல்கலைக்கழகங்களில் மருந்துக் கணக்குத் தேர்வில் கடைசி ஆண்டுக்குள் நூற்றுக்கு நூறு கேட்பார்கள். அது நியாயம்தான், மருந்தில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளினால் டோஸ் பத்து மடங்காகிவிடும்.

என்ன வரும் என்று காட்டுகிறேன். மருத்துவர் 75 மில்லிகிராம் எழுதியிருக்கிறார், உங்கள் கையில் இருக்கும் ஆம்பூலில், அதாவது ஊசி மருந்து வரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், 2 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. 75-ஐ 100-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கினால் 1.5 மில்லி. அடுத்தது டிரிப்ஸ்: 1000 மில்லி, 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், அதாவது மணிக்கு 125 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் குழாய் என்றால் 125-ஐ 20-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கிராம், மில்லிகிராம், மைக்ரோகிராம் ஒவ்வொன்றும் அடுத்ததைவிட ஆயிரம் மடங்கு என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். 0.0625 மில்லிகிராம் என்றால் 62.5 மைக்ரோகிராம், இந்த மாற்றத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல், மூன்று மாதம் போட்டால் பயம் போய்விடும். விடை வந்ததும் "இது நடக்கக்கூடியதா?" என்று உங்களையே கேளுங்கள். ஒரு டோஸுக்கு ஏழு ஆம்பூல் உடைக்க வேண்டும் என்று கணக்கு சொன்னால் கணக்கில்தான் ஏதோ தப்பு. இன்னொன்றையும் இப்போதே பழகுங்கள்: அரை மில்லியை 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுத வேண்டும், முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது. அவசரத்தில் புள்ளி கண்ணில் படாவிட்டால் 5.0 என்பது 50 ஆகிவிடும்.

தடுப்பூசி அட்டை, பரிசோதனை, நன்னடத்தைச் சான்றுன்னு கேக்குறாங்க. அப்புறம் பாத்துக்கலாமா?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: இதை முதலில் செய்யுங்கள். மஞ்சள் காமாலை வகையான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி வழக்கமாக மூன்று டோஸ், முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்து எதிர்ப்பொருள் அளவு 10 அலகுக்குக் குறையாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூட்டிப் பாருங்கள், ஏழெட்டு மாதம். எத்தனை டோஸ் முடிந்திருந்தால் வார்டுக்கு அனுப்புவார்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அளவு வராவிட்டால் பயப்பட வேண்டாம், மறுபடி ஒரு சுற்று போடுவார்கள்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி இரண்டு டோஸ் போட்டதற்கு ஆதாரம், சின்னம்மை வந்ததா அல்லது ஊசி போட்டதா என்ற விவரம், காசநோய்ப் பரிசோதனை இவையும் வழக்கமாகக் கேட்பார்கள். இது உங்களுக்காக மட்டும் கேட்பதில்லை. ரூபெல்லா வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் பாதிக்கும், கர்ப்பிணிகள் வார்டுக்குள் அதை நாம் கொண்டுபோகக் கூடாது. நன்னடத்தைச் சான்று கிடைக்கத் தாமதமாகும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஆளைச் சிக்கலில் விடுவது அந்த வழக்கைவிட அதை மறைத்ததுதான்.

என்னென்ன வாங்கணும்? ஸ்டெதாஸ்கோப் எந்த மாடல் நல்லது?

ஸ்டெதாஸ்கோப் இப்போது வேண்டாம், சேர்ந்த பிறகு சொல்வார்கள். வாங்கியே ஆக வேண்டியது ஷூ. முன்பக்கம் மூடியது, துடைத்தால் சுத்தமாகிற மேல்பகுதி, வழுக்காத அடி, நாள் முழுக்க நின்றாலும் குதிகால் வலிக்காதது. மாலை நேரத்தில் போய்ப் போட்டுப் பாருங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், டியூட்டி கடைசியில் உங்கள் கால் அந்த அளவில்தான் இருக்கும். வாங்கி இரண்டு வாரம் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். அப்புறம் விநாடி முள் உள்ள கடிகாரம். பல இடங்களில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பதால் சட்டையில் மாட்டும் வகையாக இருந்தால் நல்லது.

நகம், மோதிரம், வளையல் எல்லாத்துக்கும் தடையாமே. இவ்வளவு கெடுபிடி எதுக்கு?

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டதைப் படித்தால் இந்தக் கேள்வி வராது. ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். மருத்துவ மாணவர்கள் பழகிய வார்டில் பிரசவ ஜன்னியால் இறந்த தாய்மார்கள் அதிகம், மிட்வைஃப் மாணவிகள் பழகிய வார்டில் குறைவு. மருத்துவ மாணவர்கள் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள் என்பதைக் கவனித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு சரசரவென்று குறைந்தது. கிருமிகள்தான் நோயைப் பரப்புகின்றன என்று நிறுவப்படுவதற்கு முன்பே நடந்தது இது.

நகத்தின் அடியிலும் மோதிரத்தின் அடியிலும் சோப்பு சரியாகப் போகாது, காரணம் அவ்வளவுதான். உலக சுகாதார அமைப்பு ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய எந்த வேலைக்கும் முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில் மேசை போன்றவற்றைத் தொட்ட பின். சோப்பால் என்றால் முழுதாக 40 முதல் 60 விநாடி. இப்போதே கடிகாரம் வைத்துக் கழுவிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ரத்தத்தைப் பார்த்தா எனக்கு மயக்கம் வரும். இந்தப் படிப்பே வேண்டாமா?

இதைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், கடைசிக் கேள்வியாக. வாருங்கள், தாராளமாக வாருங்கள். ரத்தத்தையோ காயத்தையோ பார்த்ததும் சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும், மூளைக்கு ரத்தம் குறையும், மயக்கம் வரும். அது உடம்பின் ஓர் அனிச்சைச் செயல், இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தமில்லை. கை, கால், வயிற்றுத் தசைகளை முகத்தில் சூடு ஏறும்வரை 10, 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் தளர்த்தி, இப்படி ஐந்து முறை செய்து பழகினால் அழுத்தம் இறங்காமல் பிடித்து நிறுத்தலாம். தினமும் வீட்டில் பழகினால்தான் தேவைப்படும்போது தானாக வரும்.

எனக்கு ரத்தத்தால் வரவில்லை. இரண்டாவது வாரம், ஒருவருடைய கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள், அந்த வாசனையில் காது அடைத்தது, கண்ணின் ஓரங்கள் இருட்டின. சீனியர் என் முகத்தைப் பார்த்தார், கையுறையைக் கழற்றாமலே முழங்கையால் ஸ்டூலைக் காட்டி "உக்காரு" என்றார், டிரெஸ்ஸிங்கைத் தொடர்ந்தார். முடித்த பிறகு என்னிடம் வந்து, "காது அடைக்கிறப்பவே சொல்லிட்டு உக்காரு. நீ விழுந்தா எனக்கு ரெண்டு நோயாளி" என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் எனக்கு அப்படி வந்தது இன்னும் இரண்டே முறை, இரண்டு முறையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு 36 வயசு, ரெண்டு பிள்ளைங்க. சின்னப் பசங்களோட உக்காந்து படிக்க முடியுமா?

வயது தடையே இல்லை. பயந்துபோன மனிதரோடு எப்படிப் பேசுவது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பதினெட்டு வயதுக்காரர் அதைக் கற்க ஒரு வருடம் ஆகும். சிக்கல் இருப்பது நேர விஷயத்தில்தான். இது வழக்கமான கல்லூரி நேரத்தில் அடங்கும் படிப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நர்சிங் பயிற்சி குறைந்தது 4600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு. மிட்வைஃபரி மாணவர் பொதுவாக 40 பிரசவமாவது தானே பார்த்திருக்க வேண்டும். மற்ற நாடுகளில் எண்ணிக்கை மாறும், ஆனால் எங்கேயும் வார்டு நேரத்துக்கு வருகைப் பதிவு உண்டு, விட்ட மணியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நம்பியிருந்தால் போதாது, அவருக்கு முடியாத நாளுக்கு இரண்டாவது ஆள் யார் என்று இப்போதே பேசி வையுங்கள். காலை ஷிஃப்ட் பள்ளி திறக்கும் முன்பே தொடங்கிவிடும்.

படிச்சுக்கிட்டே பார்ட் டைம் வேலை பாக்கலாமா?

மேலே சொன்ன மணிக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பு நடக்கும் வாரங்களில் சமாளிக்கலாம். வார்டுப் பயிற்சி வாரங்களில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பராமரிப்பு உதவியாளர் வேலை கிடைத்தால் அது மட்டும் வேறு, அங்கே கற்பது வகுப்பிலும் உதவும்.

நான் பையன். நர்சிங் எடுத்தா சரியா வருமா? மிட்வைஃபரி?

வரும். இரண்டுமே ஆண்கள் செய்கிற வேலைதான், எந்தெந்த நாட்டில் மிட்வைஃபரிக்கு ஆண்களைச் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். சில பெண்கள் "ஆண் வேண்டாம்" என்பார்கள். அது அவர்கள் உரிமை, முகம் வாடாமல் சரி என்று சொல்லி இன்னொருவரைக் கூப்பிடுங்கள். பெண் மாணவிகளையும்கூட சிலர் வேண்டாம் என்பார்கள். கேட்டு, சம்மதம் வாங்கி, பிறகு தொடுவது எல்லோருக்கும் ஒரே விதி.

நைட் டியூட்டிக்கு உடம்பை முன்கூட்டியே பழக்க முடியுமா?

மூன்று மாதத்துக்கு முன்பிருந்து பழக்க வேண்டியதில்லை. முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது தூங்குங்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடம்பு சூடு இறங்கும், குளிரும், கவனம் சிதறும், அந்த நேரத்தில் மருந்துக் கணக்கு வந்தால் பக்கத்திலிருப்பவரை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் களைப்போடு வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வார்டில் நடக்கிற எதையும்விட எனக்கு அதுதான் பயம்.

மாத்திரை எடுத்துக்கிட்டிருக்கேன், டிப்ரெஷனுக்கு. சொன்னா சீட்டு போயிடுமா?

மருத்துவப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நோய் இருக்கிறதா என்பதைவிட, அதோடு நீங்கள் பாதுகாப்பாக வேலை செய்ய முடியுமா, அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி. சிகிச்சையில் இருக்கிறேன், சீராக இருக்கிறேன் என்பது உங்களுக்குச் சாதகமானது. முதுகுவலி, வலிப்பு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் இதே பதில். தடுப்பூசிக் கேள்வியில் பழைய வழக்கைப் பற்றிச் சொன்னதை இங்கேயும் நினைவில் வையுங்கள்.

யாராவது என் கண் முன்னாடி இறந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?

நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். முதல் மரணத்தில் நான் செய்தது, சீனியர் சொன்னபடி வெந்நீர் எடுத்து வந்தது மட்டும்தான். இறந்த பெரியவரின் கண்ணை மூடி, முகம் துடைத்து, தலை வாரிவிட்டது சீனியர்தான். உடம்பைத் துடைப்பதற்காகத் திருப்பும்போது, "ஐயா, இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்புறோம்" என்று, உயிரோடு இருந்தபோது சொன்ன அதே குரலில் சொன்னார். நான் ஏன் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

மிட்வைஃபரியில் குழந்தை இறந்து பிறக்கும் நாளும் வரும். "அடுத்த குழந்தை நல்லபடியா பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். குழந்தையைப் பார்க்கணுமா, தூக்கணுமா என்று கேளுங்கள், பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், கைத்தடம் கால்தடம் எடுத்துக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஆனால் டியூட்டி முடிந்து யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள், வார்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருவரிடமாவது பேசுங்கள்.

மருந்தைத் தப்பாக் குடுத்துட்டா? இதை நினைச்சாலே தூக்கம் வரலை.

மாணவராக நீங்கள் தனியாக மருந்து கொடுக்க மாட்டீர்கள், பக்கத்தில் தகுதி பெற்றவர் இருப்பார். அப்படியும் நடக்கும். நடந்தால் முதலில் நோயாளியைப் பாருங்கள், உடனே சொல்லுங்கள், பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பதறுகிற மனது எதிர்த் திசையில் இழுக்கும், யாரும் பார்க்கவில்லையே என்று. பத்து நிமிடத்துக்குள் சொன்னால் பல தவறுகளைச் சரிசெய்ய முடியும், பத்து மணி நேரம் கழித்து முடியாது.

என் படிப்புக் காலத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். "நீங்கதானே இவங்க?" என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன், அரைத் தூக்கத்தில் தலையாட்டினார். கையில் கட்டியிருந்த பட்டையை சீனியர் திருப்பிப் பார்த்ததால் மருந்து ஆள் மாறாமல் தப்பியது. அன்றுமுதல் "உங்க பேர் என்ன, பிறந்த தேதி என்ன?" என்றுதான் கேட்கிறேன். பெயரை நாம் சொன்னால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார்.

சீனியர் எனக்குத் தெரியாத வேலையைச் செய்யச் சொன்னா? முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

வாக்கியத்தை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "நான் இதைப் பார்த்திருக்கேன், செஞ்சதில்லை. நீங்க பக்கத்துல நின்னா செய்றேன்." நல்ல சீனியர் நிற்பார். நிற்காமல் கோபித்தால் வார்டு இன்சார்ஜிடமோ கல்லூரியில் உங்களுக்குப் பொறுப்பானவரிடமோ போங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் செய்கிற மாணவரை நாங்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவோம், அதற்கப்புறம் அவரை நம்பி எதையும் கொடுக்கப் பயமாக இருக்கும்.

தெரிஞ்சவங்க வார்டுல அட்மிட் ஆகியிருந்தா வீட்ல சொல்லலாமா?

சொல்லக் கூடாது. என்ன நோய் என்பது மட்டுமில்லை, அங்கே இருக்கிறார் என்பதையே சொல்லக் கூடாது. கட்டிலருகே எடுத்த செல்ஃபியில் பின்னால் ஒரு சார்ட் தெரிந்தாலும் அதே குற்றம்தான். அவரைக் கவனிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், "எனக்கு இவரைத் தெரியும்" என்று இன்சார்ஜிடம் சொல்லுங்கள், வேறு ஆளை மாற்றிக் கொடுப்பார்கள்.

இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நான் ஒண்ணுமே பண்ணலை!

சரி. இன்று தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, விட்டுப்போனதற்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாளை ஷூ. ஒரு நாள் காலை ஷிஃப்ட் நேரத்துக்கு அந்த வழியில் போய்ப் பாருங்கள், அந்நேரத்தில் வண்டி கிடைக்கிறதா என்று. தினமும் ஐந்து கணக்கு.

மிச்ச நேரத்தில் வீட்டிலிருப்பவர்களின் மூச்சை எண்ணுங்கள். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், வார்டிலும் அப்படித்தான் செய்வோம். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12-லிருந்து 20. தூங்குகிற கைக்குழந்தை இருந்தால் அதையும் எண்ணுங்கள், பிறந்த குழந்தைக்கு 30-லிருந்து 60 வரை போகும், சில விநாடி நின்று மறுபடி தொடங்கும். அதனால்தான் குழந்தைக்கு அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம் எண்ணச் சொல்வார்கள்.